திடலையும் சேர்த்துக் கேளுங்கள்

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் தாகார் பக்கத்துத் தோட்டங்களில் பந்தாடியவர்களுக்கும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும்,



அம்மாவின் கருமாதி முடிந்த மறுநாள் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கூறைப்புடவை இருந்தது. குடியுரிமை இல்லாதவருக்கான, சாகும்வரை மாறாமலே போன சிவப்பு அடையாள அட்டை இருந்தது. பிள்ளைகள் நால்வரின் பிறப்புப் பத்திரங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய தமிழ் நேசன் தாளில் சுற்றி ஒரு புகைப்படம்.

பதினொரு பேர். ஆறு பேர் நிற்கிறார்கள், ஐந்து பேர் குந்தியிருக்கிறார்கள். பின்னால் ரப்பர் ஷீட்டைப் புகை போடும் கொட்டகையின் தகரக் கூரை. நடுவில் குந்தியிருப்பவரின் முழங்கால்களுக்கு இடையே பந்து. அதன்மேல் சுண்ணாம்பால் 1967 என்று எழுதியிருக்கிறது. நிற்பவர்களில் இடது ஓரம் அப்பா. பனியன்களின் நெஞ்சில் எண்கள். கோதுமை மாவுச் சாக்குத் துணியில் அந்த எண்களை வெட்டித் தைத்தது அம்மா. அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. மேல் லயத்துப் பெண். பதினொரு பேருக்கும் அவர்தான் தைத்துக் கொடுத்தார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பதினொருவரில் ஒன்பது பேரின் பெயர் எனக்குத் தெரியும். இரண்டு பேரைத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. அதையும் உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

எங்கள் தோட்டத்துக்கு ஆபிஸ் ஏட்டில் ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. நமக்கு அது ஒன்பதாங்கட்டை. அணிக்கும் அதே பெயர்தான். பதிவு கிடையாது, முத்திரை கிடையாது, வங்கிக் கணக்கு கிடையாது. ஒன்பதாங்கட்டைப் பையன்கள் வருகிறார்கள் என்றால் அடுத்த தோட்டத்தில் எல்லோருக்கும் புரியும். உங்களுக்கும் அப்படித்தானே? துவான் மீ, கோல்ஃபீல்ட்ஸ், ராஜா மூசா, சுங்கை ரம்பை, தென்னமரம், மேரி, மின்யாக், நைஜல் கார்டனர், சுங்கை திங்கி. எந்தத் துரையோ எந்த நாட்டிலிருந்தோ கொண்டுவந்து வைத்த பெயரானாலும், நம் வாயில் விழுந்தபின் அது நம் ஊர்ப்பெயர் ஆகிவிட்டது. தென்னமரம் என்பதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், அது நம்முடைய சொல்லேதான். அந்தத் தென்னமரத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. செம்பனை வளர்ந்து நம் திடல்களையே விழுங்கும் என்று அப்போது யார் கண்டார்? அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் திடலைப் பற்றிப் பேசவேண்டும். வாலிபப் பிள்ளைகள் பலருக்கு அது எப்படி இருந்தது என்றே தெரியாது.

கோயிலுக்கும் ஆயாக்கொட்டகைக்கும் நடுவில், லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது எங்கள் திடல். செம்மண். கிழக்குப் பக்கம் கொஞ்சம் சரிவு. டாஸ் வென்றவர்கள் இரண்டாம் பாதியில் இறக்கத்தைப் பார்த்து அடிக்கிற மாதிரி பக்கம் தேர்ந்தெடுப்பார்கள். கோல் கம்பம் கடலோரத்துக் கம்போங்கிலிருந்து வாங்கி வந்த பக்காவ் கட்டை. குறுக்குக் கம்புக்கு மூங்கில். கோட்டுக்குச் சுண்ணாம்பு. மாட்டுக்காரத் தாத்தாவின் மாடுகள்தான் புல் வெட்டுகிற இயந்திரம். ஆட்டத்துக்கு முன் சாணியை வாரிக் கொட்டுவது சின்னப் பையன்களின் வேலை. அந்த வேலை செய்தவனுக்குத்தான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்க உரிமை. நான் ஆறு வயதில் அப்படித்தான் அணிக்குள் நுழைந்தேன்.

பந்து தோல் பந்து. உள்ளே ரப்பர் பிளாடர், வாய் நாடா போட்டுக் கட்டியது. நாடா நெற்றியில் பட்டால் தடிப்பு எழும்பும். மழையில் ஊறினால் கல்லாய்க் கனக்கும். ஆட்டம் முடிந்ததும் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, அடுப்புக்கு மேல் பரணில் வைப்பார்கள். பிளாடர் ஓட்டையானால் கடைக்குப் போகமாட்டார்கள். ஓட்டையைச் சுற்றிச் சுரண்டி, ஒரு துண்டு ரப்பரை வைத்து, அன்று காலை வெட்டிய பாலையே தடவி ஒட்டிக் காயவைப்பார்கள். காலையில் மரத்திலிருந்து வடிந்த பால் சாயங்காலம் பந்துக்குள் இருக்கும். உலகத்தில் எத்தனை ஆட்டக்காரர்களுக்கு அப்படி வாய்த்திருக்கும்?

வேலையின் நேரமும் ஆட்டத்துக்கு ஒத்துவந்தது. ரப்பர் மரம் விடியற்காலையில்தான் நன்றாகப் பால் விடும். ஐந்தரைக்குப் பெரட்டில் ஆள் கணக்கெடுப்பு, வெளிச்சம் வந்ததும் வெட்டு, பத்து பத்தரைக்குப் பால் எடுப்பு, ஒரு மணிக்கெல்லாம் ஸ்டோரில் பால் நிறுத்தாயிற்று. சோறு, சின்னத் தூக்கம், நாலரைக்குத் திடல். மழை பெய்தால் வெட்டு கிடையாது, அன்றைக்குக் கூலியும் கிடையாது. பந்து மட்டும் உண்டு. பசி நாட்களில்தான் நாங்கள் அதிகம் ஆடினோம் என்பதை நான் பெருமையாகவும் சொல்லமுடியாது, வருத்தமாகவும் சொல்லமுடியாது. அப்படித்தான் இருந்தது.

மேட்ச் நாளில் தோட்டத்து லாரி வரும். வாரநாளில் பால் டிரம் ஏற்றிய அதே லாரி. புளித்த பால் வாடை போகாது. முன்னால் ஆட்டக்காரர்கள், பின்னால் ஊரே ஏறும். டிரஸ்ஸர் விசிலோடு வருவார், அவர்தான் ரெஃப்ரி. அடிபட்டால் டிஞ்சர் போடுபவரும் அவரே. ஒரு பெரிய கேத்தலில் தேத்தண்ணி, இன்னொரு வாளியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. திருவிழா வாரத்தில் ஆட்டம், மே தினத்தில் ஆட்டம், தீபாவளிக்கு மறுநாள் ஆட்டம். ஜெயித்த அணிக்குச் சில இடங்களில் ஆடு பரிசு. தோற்றுப்போய்த் திரும்பும் லாரியில் யாரும் பேசமாட்டார்கள். பலமாய் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஆர். எச். நாதன் முன்னின்றார், போராட்டம் கோல சிலாங்கூர்ப் பக்கமும் பரவியது. சம்பளம், பள்ளிக்கூடம், மருந்து, கள்ளுக்கடையை மூடுவது என்று கோரிக்கைகள் பல. அவற்றில் ஒன்றை நான் மறப்பதே இல்லை: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகவேண்டும். அந்த உரிமைக்காகக் கேள்வி கேட்டவர்களை நோக்கித் துப்பாக்கி வெடித்தது, சிலர் செத்தார்கள், நாதனை நாடு கடத்தினார்கள். அப்படிப்பட்ட இடத்தில், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், பால்மரம் வெட்டுகிறவன் மகன் கிராணி மகனை இடித்துத் தள்ளிப் பந்தைப் பறிக்கலாம், யாரும் ஒன்றும் கேட்கமுடியாது என்றால், அந்தத் திடல் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா திடலில் நடக்கிற நடையும் பெரட்டில் நிற்கிற நிலையும் வேறு வேறு. நான் இரண்டையும் பார்த்தவன்.

பெரிய ஆட்டக்காரர்களும் நமக்குச் சொந்தமாகத் தெரிந்தார்கள். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன், வி. கிருஷ்ணசாமி. அப்புறம் ஆர். ஆறுமுகம். நீண்ட கை, ஸ்பைடர்மேன் என்று நாடே கூப்பிட்டது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோல் கம்பத்தில் நின்றவர் அவர். லயத்தில் வானொலியைச் சுற்றி நின்ற நாங்கள் ஜேம்ஸ் வோங் கோல் போட்டதும் கத்திய கத்தில் கோழிகளெல்லாம் கூரை ஏறின. அந்த ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்தது, ஆறுமுகம் மாஸ்கோவைப் பார்க்கவே இல்லை. 1988இல் சாலை விபத்தில் போனார், வயது 35. அன்று எங்கள் திடலில் ஆட்டம் இல்லை. கோல் கம்பத்தில் யாரோ ஒரு மாலை கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

2010 டிசம்பரில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த அணி இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களில் 4-2 என்று வென்று சுசுகி கிண்ணத்தைத் தூக்கியபோது எனக்கு நாற்பதை ஒட்டிய வயது. ஒரு தாமான் குடியிருப்பில், தெரியாத அண்டை வீட்டார் நடுவே, தனியாக உட்கார்ந்து பார்த்தேன். சந்தோஷத்தில் எழுந்து வெளியே வந்தேன். ஓடிப்போய்ச் சேரத் திடல் இல்லை.

எப்படி இல்லாமல் போயிற்று? ஒரே நாளில் போகவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பல தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லை அப்பா தலைமுறை நோயின் பெயரைப் போலச் சொல்லும். அதற்கு மாற்றாகத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்கப் புறப்பட்டார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தது. பல்லாயிரம் பேர் மூட்டை கட்டித் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். ஒவ்வோர் அணியிலும் ஆள் குறைந்தது. எங்கள் அணியில் வலது பக்கம் ஆடியவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் ஆடிவிட்டு, வியாழக்கிழமை கப்பலுக்குப் போனார் என்று அப்பா சொல்வார். பந்தைத் தானே கழுவி எண்ணெய் தடவி வைத்துவிட்டுப் போனாராம்.

அதையும் தாங்கினோம். தாங்கமுடியாதது செம்பனை. ரப்பருக்கு வேண்டிய ஆட்களில் பாதிகூடச் செம்பனைக்கு வேண்டாம். குலை அறுப்பும் உதிரிப் பழம் பொறுக்குவதும் பகல் முழுக்க ஓடும்; மத்தியானத்தில் வேலை முடிகிற பழைய கணக்கு உடைந்தது. லயத்தில் பாதி வீடு காலி. பிறகு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். பிறகு நிலம் கைமாறியது, வீடமைப்பு வந்தது, பல்கலைக்கழகம் வந்தது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. எங்கள் ஒன்பதாங்கட்டைத் திடலில் ஒரு திங்கட்கிழமை காலை குழி தோண்டினார்கள், முப்பதடிக்கு ஒரு குழி. முக்கோணம் முக்கோணமாகச் செம்பனைக் கன்று நட்டார்கள். யாரும் எங்களிடம் சொல்லவில்லை; சொல்லவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவுமில்லை, நிலம் அவர்களுடையது. இரண்டு கன்றுகளுக்கு நடுவே கோல் கம்பத்தின் அடிக்கட்டை ரொம்ப நாள் நின்றது. 

ஆட்டக்காரர்கள் சோம்பிப்போனதால் அணிகள் செத்தன என்று சிலர் சொல்கிறார்கள். பிள்ளைகள் குடியிலும் அடிதடியிலும் இறங்கிவிட்டார்கள், அதனால்தான் விளையாட்டு போயிற்று என்று மேடையில் பேசுபவர்களும் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. வரிசை தலைகீழ். முதலில் போனது திடல். திடல் இருந்த வரைக்கும் நாலரை மணிக்குப் பையன் எங்கே இருக்கிறான் என்று தாய்க்குத் தெரியும்.

பக்கத்தில் சீனர்களைப் பாருங்கள். அவசரகாலத்தில், 1948க்குப் பின், முள்வேலி போட்டு அடைத்த புதுக்கிராமங்களில் அவர்களும் அடைபட்டார்கள். அங்கே ஒரு சிமெண்டுத் தரை, இரண்டு கம்பம், கூடைப்பந்து. நம் வட்டாரத்துக் கம்போங் பாருக்களில் இன்றைக்கும் சாயங்காலம் போனால் பந்து தரையில் மோதும் சத்தம் கேட்கும். பேரன் ஆடுகிறான், தாத்தா ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். அவர்கள் நம்மைவிட விளையாட்டுப் பிரியர்கள் என்பதாலா? இல்லை. வேலி போனபிறகும் அவர்கள் வீடும் தெருவும் தரையும் அங்கேயே நின்றன. நம் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடு போகும், வீடு போனால் திடல் போகும்.

காசும் அரங்கமும் மட்டும் போதாது என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. கூடைப்பந்திலேயே சொல்கிறேன். பூலாவ் இண்டாவின் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகம் ஆதரித்த மலேசியா டிராகன்ஸ் அணி 2016இல் ஆசியான் கூடைப்பந்து லீக்கின் வாகையையே சூடியது. அந்தத் துறைமுகத்தை வளர்த்தவர் நம்மவர், காலஞ்சென்ற ஞானலிங்கம். இன்று அந்த அணி இல்லை.

காற்பந்தில் நமக்கே நமக்கென்று ஓர் அணி இருந்ததே, நினைவிருக்கிறதா? மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி, மிஃபா. 2018இல் பிரிமியர் லீக்கில் ஆடி, மேலே ஏறி, 2019இல் சூப்பர் லீக்கில் கால் வைத்தது. நாட்டின் உச்ச லீக்கில் நம் சமூகம் உருவாக்கிய ஓர் அணி! அந்தச் சேதி கேட்ட இரவு நான் அப்பாவின் படத்துக்கு முன் நின்று சொன்னேன். பெயர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று மாறியது. பி. மணியம் பயிற்றுவித்தார். 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்ளூர்ப் பையன்களை வைத்தே சூப்பர் லீக் முழுதும் ஆடினார்கள். அந்தத் துணிச்சலை நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தப் பருவம் முடிந்ததும் அணி லீக்கைவிட்டு விலகியது. அதோடு முடிந்தது.

அந்த அணி ஆடிய கிளானா ஜெயா அரங்கத்துக்கு நான் ஒருமுறை போனேன். நல்ல புல், நல்ல விளக்கு. இருக்கைகள் வெறிச்சென்று கிடந்தன. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தஞ்சோங் காராங்கிலிருந்து வந்திருந்தார், இரண்டு பஸ் மாறி. அணியில் யாராவது சொந்தமா என்று கேட்டேன். இல்லை, நம்ம புள்ளைங்கதானே என்றார். இடைவேளையில் எழுந்து போய்விட்டார், கடைசி பஸ் போய்விடுமாம்.

அந்த அணியை நடத்தியவர்கள் பணத்தையும் உழைப்பையும் கொட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்த அணியை நேசிக்கக்கூடியவர்கள் பெட்டாலிங் ஜெயாவிலா இருந்தார்கள்? ஈஜோக்கிலும் ஜெராமிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் புஞ்சாக் ஆலம் அடுக்குமாடிகளிலும் இருந்தார்கள். சாயங்காலம் நடந்துபோய்ப் பயிற்சியைப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை. ஒன்பதாங்கட்டை அணிக்கு ஒரு காசு வருமானம் இல்லை, நாற்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. லயத்துக்கும் திடலுக்கும் நடுவில் இருந்தது நூறு அடி தூரம். அதுதான் எங்கள் முதலீடு.

இப்போது நான் உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக், இந்த ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக வீடு கேட்டுப் போராடி வந்ததை நாடறியும். இன்னும் பல தோட்டங்களில் பேச்சுவார்த்தை நடக்கிறது, குழு அமைகிறது, வரைபடம் மேசைக்கு வருகிறது. அண்ணன்மார்களே, அந்த மேசைக்குப் போகிறவர்கள் நீங்கள். வீட்டின் அளவைக் கேட்பீர்கள், எத்தனை அறை என்று கேட்பீர்கள், கோயிலுக்கு இடம் எங்கே என்று கட்டாயம் கேட்பீர்கள். திடலையும் சேர்த்துக் கேளுங்கள்.

வரைபடத்தில் ஒரு பச்சைக் கட்டம் இருக்கும். அதில் விரலை வைத்து இது எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று கேளுங்கள். ஊஞ்சலும் சறுக்கும் நாலு சிமெண்டு பெஞ்சும் வைத்த மூலையைத் திடல் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். மழைத்தண்ணி தேங்க விட்ட பள்ளத்தையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நூறு மீட்டர் நீளம், அறுபத்துநாலு மீட்டர் அகலம் இருந்தால் முழு ஆட்டம் ஆடலாம். அது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான ஏக்கரைக் காடு வெட்டித் திருத்திக் கொடுத்தவர்கள் ஒன்றரை ஏக்கர் கேட்கிறார்கள். அதற்கும் இடமில்லை என்றால், அறுபதுக்கு நாற்பது மீட்டர் கேளுங்கள். எழுவர் ஆட்டத்துக்குப் போதும். அரை ஏக்கரைத் தாண்டி ஒரு கைப்பிடி. வீட்டு வாசலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வேண்டும், நெடுஞ்சாலையைத் தாண்டி வேண்டாம். யார் பெயரில் இருக்கும், யார் பூட்டுவார், யார் திறப்பார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இப்போது கேட்காவிட்டால் பிறகு வராது. வீடு கட்டி முடித்த இடத்தில் திடலுக்காக வீட்டை இடித்த கதையை நான் எங்கும் கேட்டதில்லை.

தம்பிகளே, நீங்கள் வார இறுதியில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து ஃபுட்சால் ஆடுகிறீர்கள். எழுவர் போட்டிகளுக்கு அணி சேர்க்கிறீர்கள். நன்றாகவும் ஆடுகிறீர்கள், போன மாதம்கூட நின்று பார்த்தேன். அணிக்கு ஐரோப்பிய கிளப்பின் பெயரை வைத்திருந்தீர்கள். உங்கள் ஆசை, நான் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் தாத்தா எந்தத் தோட்டம் என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயரைப் பனியனில் போட்டுக்கொண்டு இறங்கினால், ஓரத்தில் நிற்கிற கிழவர்களின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பீர்கள். இடம் மாற்றிக் கட்டிய தமிழ்ப்பள்ளிகள் பலவும்கூடத் தோட்டத்தின் பெயரைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. தோட்டமே இல்லாத தாமான் நடுவில் தோட்டம் என்று பொருள்படும் லாடாங் என்ற சொல்லோடு பள்ளிக்கூடம் நிற்கிறது. பள்ளிக்கூடம் விடாததை நாம் ஏன் விடவேண்டும்?

தங்கச்சிகளே, உங்களுக்கும்தான். அம்மாவின் காலத்தில் பெண்களுக்குத் திடலில் கோட்டுக்கு வெளியேதான் இடம். பனியன் துவைத்தார்கள், எண் தைத்தார்கள், கிழங்கு அவித்தார்கள். அம்மா நன்றாக ஓடுவார். லயத்து வாசலில் பந்து உருண்டு வந்தால் காலாலேயே திருப்பி அனுப்புவார், யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு. புதுத் திடல் வந்தால் அது உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மாமாமார்களே, கடைசியாக உங்களிடம். எழுபதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? வீட்டில் பீரோவுக்கு மேல் ஒரு கேடயம் இருக்கும், வெள்ளி முலாம் போய்க் கறுத்திருக்கும். ஒரு படம் இருக்கும். படத்தை எடுத்து, பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, பின்புறத்தில் பென்சிலால் பெயர்களை எழுதச் சொல்லுங்கள். இடமிருந்து வலமாக. பேனா வேண்டாம், மை ஊறும். எந்தத் தோட்டம், எந்த வருஷம், யாரோடு ஆடியது, யார் கோல் போட்டார். மறந்ததை மறந்தது என்றே எழுதுங்கள், இன்னொருவர் நிரப்புவார்.

நானே முதலில் தொடங்குகிறேன். ஒன்பதாங்கட்டை, 1967. ஒன்பது பெயரை எழுதிவிட்டேன். தெரியாதவர் இருவர். நிற்பவர்களில் வலமிருந்து இரண்டாமவர், ஒல்லி, எண் 7, வலது முழங்காலில் கைக்குட்டை கட்டியிருக்கிறார். கப்பல் ஏறிப் போனவர் அவராக இருக்குமோ என்று நினைக்கிறேன். அப்படியானால் அவர் வீட்டார் நாமக்கல் பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ இருக்கலாம். குந்தியிருப்பவர்களில் இடது கோடியில் இருப்பவர் எண் 3. வெறுங்கால். எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் தலையைக் குனிந்து தன் நெஞ்சில் தைத்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தையல் அன்றைக்குத்தான் முடிந்திருக்கவேண்டும், நூலின் முனை ஒன்று வெட்டாமல் தொங்குகிறது.

அன்புடன்,
ஒன்பதாங்கட்டைப் பையன் ஒருவன்